நாடா வெளியே தெரிய வேண்டும்

எங்கள் சலவைக்கூடத்தில் என் வேலை ஒரு சிவப்புக் கயிற்றுக்குக் கீழே நிற்பது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். என் மச்சானுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவர் என் மனைவிக்கு அண்ணன், அதே கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர். நல்லது கெட்டது என்று சொந்தக்காரர்கள் கூடினால், "எங்க மாப்பிள்ளை நின்னே சம்பாதிக்கிறாரு, அவரு காலுக்குத்தான் சம்பளம்" என்று ஆரம்பித்துவிடுவார். நானும் கூடச் சிரித்துவைப்பேன். முதுகு போகும்வரை ஈரத்துணி மூட்டை தூக்கினவன்தான் நான். முதுகு போன பிறகு இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கயிறு எதற்கென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வருகின்றன. வெளுத்துப் பிழிந்து, பாதி ஈரத்தோடு உருளை மெஷினுக்கு அனுப்புவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள், உள்ளே நீராவி. இந்தப் பக்கம் விரிப்பின் முனையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் எடுபட்டு, புதுக் காகிதம் மாதிரி இறங்கும். முனையைக் கொடுக்க இரண்டு பெண்கள், ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் குனிந்து விட வேண்டும். அதில் ஒருத்தி என் மனைவி. உருளைக்குத் துணி எது, விரல் எது என்று வித்தியாசம் தெரியாது. சட்டைக்கையோ தலைமுடியோ மாட்டினால் அவர்களாக மெஷினை நிறுத்த முடியாது, இரண்டு கையும் துணியில் இருக்கும். ஆகையால் மேலே ஒரு கயிறு, அதை இழுக்கக் கீழே ஒரு ஆள். கயிற்றுக்கு ஆள் போடாத காலத்தில் அங்கே முனை கொடுத்த ஒரு பெண், இப்போது மடிப்புக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து ஒரே கையால் சிறு துண்டுகளை மடிக்கிறாள். அவளைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

என் மனைவியின் கையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆக என் வேலை. கல்யாணமான புதிதில்கூட நான் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த வேகத்தில் எல்லோரையும் மடிப்புக்கூடத்தில் நிற்கவைத்தார். சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். படம் முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் கோடுகள். சில கோடு முழுசாக இருந்தது, சில கோடு புள்ளி புள்ளியாக இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு ஆலோசகர், கையில் நீளக் குச்சியோடு நின்றார். தலைவர் பேசினார்.

"வியூகம்னா நாம எங்க போறோம்ங்கிறது. அமைப்புன்னா யாரை யார் கேட்டுட்டுப் போறதுங்கிறது. இது ரெண்டும் கைகோத்தாத்தான் மதிப்பு பிறக்கும். இத்தனை காலமா நீங்க துணி வெளுத்துட்டு இருந்தீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. இனிமே நீங்க மதிப்பை உருவாக்கப் போறீங்க."

அப்படியானால் துணி வெளுக்க வேண்டியதில்லையா என்று என் மச்சான் கேட்டார். நல்ல கேள்வி என்று தலைவர் பாராட்டினார். அதை ஆராய ஒரு குழு போடச் சொன்னார். குழு இன்னும் ஆராய்கிறது.

பிறகு ஆலோசகர் குச்சியை எடுத்தார். ஓட்டல்காரர்களுக்குத் துணி சீக்கிரம் வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் துணி பத்திரமாக வேண்டும். எனவே கம்பெனி இனிமேல் இரண்டு பிரிவு. ஒன்று வேகப் பிரிவு, இன்னொன்று கவனப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீசர். உருளையில் முனை கொடுக்கும் பெண்கள் இரண்டு பிரிவின் துணியையும் விடுவதால் இரண்டு ஆபீசருக்கும் கீழே வருகிறார்கள். வேக ஆபீசருக்கு முழுக்கோடு. கவன ஆபீசருக்குப் புள்ளிக்கோடு. முழுக்கோடு சொன்னால் செய்ய வேண்டும். புள்ளிக்கோடு சொன்னால் செய்ய விரும்ப வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு நான் படத்துக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். மச்சான் பேர் இருந்தது, மனைவி பேர் இருந்தது, வாசலில் காவல் காக்கிறவர் பேர் இருந்தது. என்னைக் காணோம்.  ஆலோசகரிடம் போய், கயிற்றுக்குக் கீழே நிற்கிறவன் எந்தக் கட்டத்தில் என்று கேட்டேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க கட்டத்துல இல்ல. கோட்டுல இருக்கீங்க."

எந்தக் கோட்டில் என்று கேட்காமலே வந்துவிட்டேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, கோட்டில் இருக்கிறவர்களுக்கு மாசச் சம்பளம் உண்டா என்று கேட்டாள். அதைக் கேட்கவில்லை என்றேன். "கேக்க வேண்டியதைக் கேக்காம எல்லாத்தையும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

கொஞ்ச நாளில் என் மதிப்பை அளக்கக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. ஆலோசகர் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாற்காலி மெத்தென்று இருந்ததால் நுனியில்தான் உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் கயித்தை எத்தனை தடவை இழுத்தீங்க?"

ஒரு தடவையும் இல்லை என்றேன்.

"அப்போ கயிறு தேவைப்படல. சரி, போன வருஷம்?"

ஒரு தடவை இழுத்தேன், ஜோடிக்காரியின் சட்டைக்கை மாட்டிக்கொண்டது என்றேன். ஜோடிக்காரி என்றால் என் மனைவியோடு மறுமூலை பிடிக்கிற பெண். அவர் எழுதிக்கொண்டார்.

"மெஷின் நின்னுச்சு. நின்ன நேரமெல்லாம் மதிப்பு இழப்பு. பாருங்க, நீங்க இழுக்கலைன்னா உங்களால லாபம் இல்ல. இழுத்தா உங்களால நஷ்டம். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. கணக்கு அப்படி வருது."

அந்தக் கை இன்னும் அவளிடம் இருக்கிறதே, அதை எதில் சேர்ப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.  வேலையை விட்டு எடுப்பார்களா என்பதைவிட, எடுத்தால் நாளைக்கு அந்தக் கயிற்றுக்குக் கீழே யார் நிற்பது என்பதே பயமாக இருந்தது. யாரும் நிற்க மாட்டார்கள். படத்தில் அந்த இடமே கிடையாது.

எடுக்கவில்லை. என் இடத்தை ரத்து செய்ய இரண்டு ஆபீசரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், நான் யாருக்குக் கீழே வருகிறேன் என்று முடிவாகாததால் இரண்டு பேரும் போடவில்லை என்றும் மச்சான் விசாரித்து வந்து சொன்னார். "மாப்பிள்ளை, உன்னை வேலையிலருந்து எடுக்கணும்னா முதல்ல உன்னை வேலைக்குச் சேக்கணுமாம்" என்று சொல்லி, கொதிகலனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம்தான் நாடா வந்தது.

எல்லோரும் கழுத்தில் நாடா போட்டு அதில் அட்டை தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு. அட்டையில் அவரவர் கட்டம், அவரவர் மேலதிகாரி. முழுக்கோட்டுக்கு நீல நாடா, புள்ளிக்கோட்டுக்கு வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட நாடா. ஆலோசகர் விளக்கினார். அமைப்பு காகிதத்தில் இருந்தால் போதாது, ஆளில் இருக்க வேண்டும். நாடா எப்போதும் வெளியே தெரிய வேண்டும். உள்ளே போட்டால் அமைப்பை மறைத்ததாகும்.

என் மனைவிக்கு இரண்டு நாடா. இரண்டும் தொப்புள்வரை தொங்கின. முதல் நாள் அவள் முனை கொடுக்கக் குனிந்தபோது இரண்டு அட்டையும் உருளைக்கு முன்னால் ஊசலாடின.  என் கை தானாகக் கயிற்றுக்குப் போயிற்று. அவள் நிமிர்ந்தாள். அடுத்த விரிப்பு. மறுபடி குனிந்தாள். அட்டை மறுபடி ஆடிற்று. ஒரு விரிப்புக்கு ஒரு தடவை எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கெஞ்சினேன், ஏப்ரனுக்குள் செருகிக்கொள் என்று. செருகிக்கொண்டாள். சாயங்காலம் வேக ஆபீசர் அந்தப் பக்கமாக நடந்து வந்தார். கையில் பலகை, அதில் காகிதம். அவளைப் பார்த்தார். நாடாவைக் காணோம். மரியாதையான மனிதர்தான், "எடுத்து வெளிய போட்டுக்கங்கம்மா" என்று சொல்லி, அவள் போட்டுக்கொண்டதும் காகிதத்தில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் உள்ளே செருகினாள். கவன ஆபீசர் வந்தார். புள்ளி நாடாவை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னார். நீல நாடா அவர் பொறுப்பு இல்லை.

மறுநாள் பயத்தை ஒருவாறு விழுங்கிக்கொண்டு நான் கவன ஆபீசரிடம் போனேன். பேருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். நாடா உருளையில் மாட்டும் என்று நான் சொல்வது நாடாவைப் பற்றியதல்ல, உருளையைப் பற்றியது. உருளை வேகப் பிரிவின் சொத்து என்றார். வேக ஆபீசரிடம் போனேன். உருளை பாட்டுக்குச் சுற்றுகிறது, மாட்டுவது நாடா. ஆபத்து என்றால் அது கவனப் பிரிவு என்றார். நடையில் ஆலோசகரைப் பிடித்து இரண்டு பேரும் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அதுதாங்க இந்த அமைப்போட அழகு. எந்தப் பிரச்சினையும் ஒரே ஆள் தலையில விழாது. பழைய முறையில பாருங்க, ஒண்ணு நடந்தா ஒருத்தர் மாட்டுவாரு."

இந்த முறையில் யார் மாட்டுவார் என்று நான் கேட்கவில்லை. தினமும் அதைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் அங்கங்கே போய்ப் பேசியதில் ஒரு பலன் கிடைத்தது. கயிறு என்று ஒன்று இருப்பது மேலே தெரிந்துவிட்டது. மெஷினை நிறுத்துவது சின்ன விஷயமா என்று தலைவர் கேட்டாராம். அது வியூகத்தைப் பாதிக்கிற முடிவு, கீழே நிற்கிற ஒரு ஆள் அவராக எடுப்பதா என்று கேட்டாராம். ஆகவே கயிற்றுக்கு ஒரு முறை வகுத்தார்கள். ஆபத்தைக் கண்டால் நான் முதலில் இடது கையைத் தூக்க வேண்டும். "என் கவனத்துக்கு ஒன்று வந்துள்ளது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வேக ஆபீசர் வந்து அனுமதிப்பார். கவன ஆபீசர் வந்து உடன்படுவார். அதற்குப் பிறகு இழுக்கலாம்.

ஒத்திகை நடந்தது. தலைவரே வந்திருந்தார். ஆளுக்குப் பதிலாக ஒரு துண்டை உருளைக்குக் கொடுத்தார்கள். நான் இடது கையைத் தூக்கினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வேக ஆபீசர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அதற்குள் துண்டு உள்ளே போய், மறுபக்கம் காய்ந்து இறங்கி, மடிக்கப்பட்டு, கட்டுக்குப் போய்விட்டது. கவன ஆபீசர் வந்து சேர்ந்து உருளையைப் பார்த்தார். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் முடிவெடுக்கும் நேரத்தில் ஆபத்தே இருக்காது என்பது இதிலிருந்து நிரூபணமாகிறது என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அந்தத் துண்டைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை, மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

கை தூக்குவதில் எனக்குச் சுணக்கம் இருக்கிறது என்று தினமும் காலையில் பழகச் சொன்னார்கள். பழகினேன். இடது கையை, தூக்கத்தில்கூடத் தூக்குகிறேன் என்று மனைவி சொன்னாள். முகத்தில் இடித்துவிட்டேனாம்.

வேகப் பிரிவு உருளையின் வேகத்தைக் கூட்டிற்று. அந்த மாசமே நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதுகிற நேரம். பெரிய ஓட்டல் ஒன்றின் விரிப்பு, அகலமானது, அதற்கு நன்றாகக் குனிய வேண்டும். என் மனைவி குனிந்தாள். நீல நாடாவின் அட்டை விரிப்பின் மேல் படிந்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. விரிப்போடு சேர்ந்து நகர்ந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஒரு கை விட்டால் விரிப்பு கோணிப்போகும் என்று அந்த நேரத்திலும் அவள் முனையை விடவில்லை.

என் இடது கை மேலே போயிற்று. பழக்கின கை, அது போய்விட்டது. வாய் "என் கவனத்துக்கு" என்றது. நல்லவேளையாக வலது கையை யாரும் பழக்கவில்லை. அது கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டது. உடம்பு முழுவதும் அதோடு தொங்கிற்று.

உருளை நின்றது.

அவள் கத்தவில்லை. முகம் உருளைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நீல நாடா விறைத்து, கழுத்தை இறுக்கி, உருளைக்குள் போய்விட்டிருந்தது. புள்ளி நாடாவும் அதோடு முறுக்கிக்கொண்டிருந்தது. தலைவழியாகக் கழற்ற இடமில்லை. உருளை நின்றாலும் இரும்பு ஆறாது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி, இரும்பில் விழுந்து சுர் என்று போனது. மச்சான் நீராவியை அடைத்துவிட்டு ஓடி வந்தார். ஜோடிக்காரி ஏப்ரனில் வைத்திருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினாள்.

மெஷின் நின்றதால் இரண்டு ஆபீசரும் அன்றைக்கு உடனே வந்துவிட்டார்கள்.

"அறுக்காதீங்க" என்றார் வேக ஆபீசர். சத்தம் போடவில்லை, பதறவும் இல்லை. "அது முழுக்கோடு. அதை அறுத்தா இவங்க யாருக்குக் கீழ வர்றாங்கன்னு இல்லாமப் போயிடும். இவங்க இல்லாம மெஷின் எனக்குக் கீழ இருந்து என்ன பிரயோஜனம்?"

கவன ஆபீசர் குனிந்து பார்த்தார். இரண்டு நாடாவும் முறுக்கியிருப்பதால் எதை அறுத்தாலும் மற்றதும் அறுபடும் என்றார். அவருடைய நாடா இதில் விருப்பப்பட்டுப் போகவில்லை, இழுத்துக்கொண்டு போகப்பட்டிருக்கிறது, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆலோசகரைக் கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டார்கள். கத்தரியை வேக ஆபீசர் மரியாதையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மச்சான் வாயைத் திறந்தார். வேக ஆபீசர் அவருடைய அட்டையைத் திருப்பிப் படித்து, "நீங்க கொதிகலன், இது உங்க கட்டம் இல்ல" என்றார். என்ன ஆச்சரியம், மச்சான் வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் வாயை மூடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பயம் எல்லோர் கழுத்திலும்தான் தொங்கியது.

உருளைப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க. சுடுது."

எனக்குக் கட்டம் இல்லை. அது நினைவுக்கு வந்ததா, ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையா, தெரியாது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உருளைக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவில் தலையைவிட்டு, நாடாவைப் பல்லால் கடித்தேன். உதடு இரும்பில் பட்டது. விடவில்லை. நாய் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தேன். முதலில் புள்ளி அறுந்தது, பிறகு நீலம். அவள் பின்னால் சாய்ந்து என்மேல் விழுந்தாள். இரண்டு பேரும் ஈர விரிப்புக் குவியலில் கிடந்தோம். அவள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அது முழுக்கோடு.

மறுநாள் விசாரணை. தலைவர் அறையில் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். நான் மட்டும் நின்றேன், உதடு வீங்கி. யார் அனுமதியில் கடித்தீர்கள் என்று கேட்டார்கள்.  யார் அனுமதியும் இல்லை என்று சொல்ல நினைத்தால் உதடு ஒத்துழைக்கவில்லை. சத்தம்தான் வந்தது. அதை எழுதிக்கொண்டார்கள்.

பிறகு சுவரில் காமிரா எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் என் இடது கை கம்பீரமாக மேலே போவது தெளிவாகத் தெரிந்தது. ஆலோசகர் எழுந்து நின்றுவிட்டார். கை தூக்கினது, மெஷின் நின்றது, ஊழியர் உயிரோடு இருக்கிறார். முறை வேலை செய்திருக்கிறது என்றார். தலைவருக்குக் கண் கலங்கிற்று.

"இதைத்தான் நான் ஆரம்பத்துலயே சொன்னேன். வியூகமும் அமைப்பும் சேந்தா மனுஷன் யோசிக்கவே வேண்டியதில்ல, கை தானாத் தூக்கும். ஒரே ஒரு குறை. நம்ம அமைப்பு பலவீனமா இருந்திருக்கு. ஒருத்தர் பல்லால கடிச்சா அறுந்துபோற அளவுக்கு இருந்திருக்கு. அதை நான் அனுமதிக்க மாட்டேன்."

எனக்கு அன்றைக்கே கட்டம் கொடுத்தார்கள். பாராட்டினார்கள். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் புது நாடா வந்தது. பழைய நிறங்கள்தான். உள்ளே மட்டும் எஃகுக் கம்பி ஓட்டியிருந்தார்கள். தலைவர் தம் கையாலேயே என் மனைவிக்கு முதலில் போட்டுவிட்டார். காயத்தின் மேல் கம்பி பட்டதில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எத்தனை பல் இருந்தாலும் இனி பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து நீ வர வேண்டாம், நான் மறுபடி மூட்டை தூக்குகிறேன் என்றேன். கழுத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த முதுகுல தூக்குவீங்க?" என்றாள். மருந்தைத் தடவிக்கொண்டே, "நான் நின்னுட்டா அந்த இடத்துக்கு வேற ஒருத்தி வருவா. அவளுக்காக நீங்க உதட்டைச் சுட்டுக்குவீங்களா?" என்றாள்.

சுட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.  அவள் மருந்துச் சிமிழை மூடினாள்.

மறுநாள் காலையில் வாசலில் நாடா போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தாள். உருளைப் பக்கம் வந்ததும், மெஷினுக்கு அருகே கூரையைத் தாங்குகிற இரும்புத் தூணில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதில் இரண்டு நாடாவையும் கழற்றி மாட்டினாள். நெஞ்சு உயரத்துக்கு அட்டைகள் அழகாகத் தொங்கின. ஜோடிக்காரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தன்னுடையதை அதே தூணின் அந்தப் பக்கத்துப் போல்ட்டில் மாட்டினாள்.  என் மனைவியிடம் கைச்சாடை காட்டினேன், எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள் என்று. எதற்காகக் காட்டினேன் என்று எனக்கே புரியவில்லை. நாடா கழுத்தில் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

வேக ஆபீசர் வந்தார். பலகையைப் பார்த்தார், தூணில் இருந்த அட்டையைப் பார்த்தார், குறி போட்டார், போனார். கவன ஆபீசர் வந்தார். புள்ளி அட்டை லேசாகத் திரும்பியிருந்தது. அதை நேராக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுவதும், அதற்கு அடுத்த நாளும், அந்த வாரம் முழுவதும் இப்படியே நடந்தது. மச்சான் கொதிகலன் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "தங்கச்சி, உன் புருஷனைவிடத் தூண் நல்லா நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வார். அவர் நாடா அவர் கழுத்தில்தான் இருந்தது.

பிறகு வருஷாந்திர உரையாடல் வந்தது. ஆபீசர்கள் ஒவ்வொரு ஊழியரிடமும் நேரில் பேசி மதிப்பெண் போட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கூடவே ஆலோசகர். தூணுக்கு முன்னால் நின்றார்கள். வேக ஆபீசர் அட்டையைப் படித்து, காகிதத்தில் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு இந்த அமைப்புல ஏதாவது குறை இருக்கா?"

பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருக்கும்போல. நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் என் மனைவி விரிப்பின் முனையைப் பிடித்துக் குனிந்தாள், விட்டாள், நிமிர்ந்தாள். தூண் ஒன்றும் சொல்லவில்லை. வேக ஆபீசர் தலையை அசைத்து எழுதினார். கவன ஆபீசர் எட்டிப்பார்த்து உடன்பட்டார். வேலையில் நிதானம், கேள்வி எழுப்பாத குணம், அமைப்போடு முழுமையாகப் பொருந்தியிருக்கிறார் என்று ஆலோசகர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கூடத்திலேயே அதிக மதிப்பெண் அந்தத் தூணுக்குத்தான் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர்கள் அடுத்ததாக என் பக்கம் திரும்பினார்கள். என் கழுத்தில் கம்பி நாடா, நெஞ்சில் அட்டை, எல்லாம் ஒழுங்காக வெளியே தெரிந்தது.

"உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

அவருடைய தோளுக்கு அந்தப் பக்கம் அவள் மறுபடி குனிந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. நாடா அறுத்த தழும்பு மட்டும் இருந்தது. நான் வலது கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டு, இடது கை தானாக மேலே போய்விடாமல் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தூண் மாதிரியே நின்றேன். கண்ணை மட்டும் அவள் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.